திரும்பிக் கூப்பிடாத ஊர்

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவனுக்கு எது கிடைக்காவிட்டாலும் அறிவுரை தாராளமாகக் கிடைக்கும். 'பாதிவிலை' என்று எல்லோரும் கூப்பிடுகிற நம் ஆளுக்கு அதை வழங்கியவர் அவனுடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அந்தக் கடலோரப் பெருநகரத்தில் பல வருஷமாகக் குடியிருப்பவர். சொந்தக்காரர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் 'உஷார்' என்று சொல்வார்கள். விமான நிலையத்தில் பெட்டியைக் கையில் வாங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"குடை மட்டும் வாங்கிடாதீங்க மாப்ளே. இங்க அடிக்கிற காத்துக்கு எந்தக் குடையும் நிக்காது. இரும்புல எதுவும் வாங்காதீங்க, உப்புக் காத்து தின்னுட்டுப் போயிடும். துணி காயும்னு எதிர்பார்க்காதீங்க, ஈரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அப்புறம், கடல் தெரியற வீடு பார்க்கவே பார்க்காதீங்க. கடலைப் பார்க்கறதுக்குன்னு தனியா வாடகை வாங்குவான். பஸ்ல போனா அதையே சும்மா பார்க்கலாம்."

"சரி மச்சான்."

"நடைபாதையில சைக்கிளுக்குன்னு ஒரு கோடு போட்டிருப்பான். அதுல நிக்காதீங்க. திட்ட மாட்டான். மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிக்கிட்டே இடிப்பான். பக்கத்து வீட்டுக்காரன் எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு நகர்ந்துடணும். நின்னு முழங்கால் வலியை எல்லாம் விவரிக்கக் கூடாது."

எல்லாவற்றையும் சொன்ன மனுஷன் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. ஏனென்றால் அவர் பிறந்தது சம்பளக்காரர் வீட்டில். பாதிவிலை பிறந்தது ஜவுளிக்கடையில்.

பாதிவிலை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. எதற்கு என்ன விலை சொன்னாலும் முதல் மூச்சில் அதில் பாதியைச் சொல்வது அவன் பழக்கம். காய்ச்சலில் படுத்திருந்தபோது, நூற்று மூன்று என்று சொன்ன நர்ஸிடமே, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்டானாம். இது அவன் தங்கை கட்டிவிட்ட கதை. ஆனால் குடும்பத்தில் ஒருவர்கூட அதை நம்ப மறுத்ததில்லை.

வேலை கிடைத்து வந்தவள் அவன் மனைவிதான். துறைமுக அலுவலகத்தில் எந்தக் கப்பல் எப்போது வந்து எங்கே நிற்க வேண்டும் என்று திட்டம் போடும் வேலை. அவன் கூட வந்தவன். வீடு கிடைக்கும்வரை ஜாகை மச்சான் வீட்டு ஹாலில். பகலில் சோபா, ராத்திரியில் அதையே இழுத்துவிட்டால் கட்டில். நடுவில் முதுகில் குத்துகிற கம்பி ஒன்று. அதற்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு முடிவு தேதி இருந்தது. மாசக் கடைசியில் மச்சான் மனைவியின் அப்பா அம்மா வந்து இறங்குகிறார்கள்.

"அவசரமே இல்லம்மா. அவங்க வந்தா எல்லாருமா நெருக்கிப் படுத்துக்கலாம்" என்றாள் அண்ணி, அதாவது மச்சான் மனைவி. சொல்லிக்கொண்டே சோபாவின் நீளத்தைக் கண்ணால் அளந்தாள். அதற்கு மேல் தெளிவாக யாரும் யாரையும் வெளியே போகச் சொல்ல முடியாது.

அன்று துணி மடிக்கும்போது மனைவி அவனிடம் சொன்னாள். "அதுக்குள்ள வீடு கிடைக்கலேன்னா, கம்பெனியில பொண்ணுங்க விடுதி இருக்கு. எனக்கு அங்க ஒரு கட்டில் தருவாங்க."

"எனக்கு?"

"உங்களுக்கு விமான டிக்கெட். ஊருக்குப் போய் மாமாவோட கடையில உக்காருங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் மடித்த துணிகளை அவள் இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்திருந்ததை அவன் பார்த்தான்.

முதல் வீடு அவனுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. உயரமான கட்டடத்தின் மேல்மாடி. வெள்ளையடித்த சுவர், சமையலறையில் நல்ல அகலமான மேடை, எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழ ரிப்பன் மாதிரி கடல். மனைவி வேலைக்கு நடந்தே போய்விடலாம். வாசலில் இன்னும் நாலைந்து ஜோடிகள் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுத் தரகர் கோட்டும் சூட்டுமாக இருந்தார். (பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. சுவாரஸ்யம் கெட்டுப்போகக் கூடாதென்று இங்கே தமிழாக்கித் தருகிறேன்.)

பிடித்துவிட்டதால் வேறு வழியில்லை. குறை சொல்லியாக வேண்டும். ஜவுளிக்கடை வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதே இதையும் சேர்த்து ஊட்டிவிடுவார்கள். பிடிக்காத துணியைத்தான் ஆகா ஓகோ என்று சொல்லிவிட்டுப் போகலாம். வாங்கப்போகிற துணியை முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தொட வேண்டும்.

"சமையல்கட்டு இருட்டா இருக்கே" என்றான்.

"ஆமாம், கொஞ்சம் இருட்டுதான்" என்றார் தரகர்.

"லிஃப்ட் சத்தம் படுக்கையறை வரைக்கும் வரும் போலிருக்கே."

"வரும்."

"தரை ஒரு பக்கம் சரிஞ்ச மாதிரி இல்ல? கடல் வேற துண்டாத்தான் தெரியுது."

இந்த இடத்தில் எதிராளி துணியைப் பிரித்துக் காட்டி, "சார், வெளிச்சத்துல வந்து பாருங்க" என்று சொல்ல வேண்டும். தரகர் தலையாட்டினார். மனசாரக் கை குலுக்கினார். "ரொம்ப நன்றி. பிடிக்கலேன்னா இப்படி நேர்மையா சொல்றவங்க குறைவு. உங்களுக்கு ஏத்த வீடு சீக்கிரம் அமையட்டும்."

பரவாயில்லை. இனி இருப்பது இறங்கும் நடை. கடையை விட்டு இறங்குவது ஒரு வித்தை. ரொம்ப வேகமாக இறங்கினால் கூப்பிடுகிற குரல் காதில் விழாது. ரொம்ப மெதுவாக இறங்கினால் திருட்டுத்தனம் தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், வேறு கடையில் நல்ல சரக்கு இருக்கிறதென்று ஞாபகம் வந்தவன் மாதிரி இறங்க வேண்டும். "வாங்க சார், வந்து ஒரு விலை சொல்லிட்டுப் போங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். அவன் தாத்தா காலத்திலிருந்து வராமல் இருந்ததில்லை.

லிஃப்டில் போனால் குரல் கேட்காதே என்று மனைவியைப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு இறங்கினான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டான்.

"யாருக்காக நிக்கறீங்க?"

"கூப்பிடுவார், இரு."

"அவர் எதுக்குக் கூப்பிடணும்? நீங்கதான் வீடு ஆகாதுன்னு சொல்லிட்டீங்களே."

"நான் எங்க ஆகாதுன்னு சொன்னேன்? குறைதானே சொன்னேன்."

கீழே வந்து வாசலில் காற்று வாங்குகிற மாதிரி நின்றார்கள். கடைசியில் தரகரே இறங்கி வந்தார். பாதிவிலை மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். தரகருக்குப் பின்னால் வேறொரு ஜோடி, கையில் சாவியோடு. மூன்று பேரும் இவர்களுக்குப் புன்னகை செய்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அவன் அப்பாவுக்குப் போன் போட்டான். கடையில் கூட்டம் இல்லாத நேரம். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"எத்தனை குறை சொன்னே?"

"நாலுப்பா."

"அது ஜாஸ்தி. ரெண்டு போதும். எந்த நடையில இறங்கினே?"

"உங்க நடைதான்."

"அப்ப வீட்டுல ஏதோ கோளாறு. கூப்பிடாதவன்கிட்ட நல்ல சரக்கு இருக்காது. அடுத்ததைப் பாரு."

இரண்டாவது வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தனியாக இருந்தார். மாடிப் பகுதியை வாடகைக்கு விடுகிறார். வரவேற்றார், தேநீர் கொடுத்தார், தன் கையாலேயே ஜன்னல் ஜன்னலாகத் திறந்து காட்டினார். மரத்தரை பளபளவென்று இருந்தது. அவள் அவன் காதருகில், "நல்லா இருக்கு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள்.

சும்மாத்தான் இருந்திருப்பான். வாத்தியார் போய், "எப்படி இருக்கு? தயங்காம சொல்லுங்க" என்று கேட்டுத் தொலைத்தார். வியாபாரி வீட்டுப் பிள்ளையிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

"குளியலறைக் குழாய் லேசா சொட்டுது" என்றான்.

வாத்தியார் ஓடிப்போய்ப் பார்த்தார். "அட, ஆமாம்."

"இந்த ஜன்னல் முழுசா மூட மாட்டேங்குது."

வாத்தியார் மண்டி போட்டு விரலால் இடுக்கைத் தடவினார். முகம் வாடிவிட்டது. "இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்லையே. வேற என்ன?"

அப்பா இரண்டு போதும் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் இவ்வளவு ஆசையாகக் கேட்கிற ஆளை அவன் அதுவரை பார்த்ததில்லை. சுவர் மூலையில் ஈர ஓதம் ஏறியிருப்பதைக் காட்டினான். படிக்கட்டுக் கைப்பிடி ஆடுவதை ஆட்டிக் காட்டினான்.

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க சொல்றது அத்தனையும் சரி. இவ்வளவு குறையோட ஒரு குடும்பத்தைக் குடி வைக்க இருந்தேனே. எனக்கு மனசு கேக்காது. வீட்டை இப்ப வாடகைக்கு விடறதா இல்ல. முழுசாப் பழுது பார்த்துட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"ஐயா, எங்களுக்கு இப்படியே பரவாயில்லைங்க. குழாய் சொட்டினா கேக்க இனிமையாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

"இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் என் கண்ணைத் திறந்துட்டார்." அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பஸ் நிறுத்தத்தில் அவள் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். காற்று அவளுடைய முடியை எல்லாத் திசையிலும் இழுத்தது. பஸ் ஒன்று வந்தது, போனது.

"உங்களுக்கு என்னோட இருக்கணும்னு இருக்கா, இல்லையா?"

"என்ன கேள்வி இது?"

"உங்க கடையில ஆயிரம் புடவை இருக்கு, ஒரு ஆள் வந்திருக்கான். அதனால கூப்பிடுவாங்க. இங்க வீடு ஒண்ணுதான் இருக்கு, வாசல்ல வரிசையில ஆளுங்க நிக்கறாங்க. இங்க நாமதான் புடவை. புரியுதா?"

அவனுக்குப் புரிந்தது. இவ்வளவு சுருக்கமாக யாராவது விமான நிலையத்திலேயே சொல்லியிருக்கலாம்.

"இனிமே பேரம் பேச மாட்டேன். உன் தலை மேல சத்தியம்."

"என் தலையை விடுங்க. உங்க அப்பா கடை மேல பண்ணுங்க."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கடல் கேட்டுக்கொண்டிருந்தது. "கடை மேல" என்றான், குரலைத் தணித்துக்கொண்டு.

மூன்றாவது வீடு துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. மாசக் கடைசி நெருங்கிவிட்டதால் இதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணியின் அப்பா அம்மா ஊரில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கீழே பழைய சாமான் கடை, மேலே வாடகைக்கு இரண்டு அறை. கடை நிறைய நாற்காலிகள், நிலைக்கண்ணாடிகள், நின்றுபோன கடிகாரங்கள். கடைக்காரம்மாதான் வீட்டுக்கும் சொந்தக்காரி. மூக்கு நுனியில் கண்ணாடி, தோளில் தூசி தட்டுகிற துணி.

"இந்த ஊருக்கு வர்றவங்க என்கிட்ட நாற்காலி வாங்குவாங்க. போகும்போது என்கிட்டயே வித்துட்டுப் போவாங்க. அதோ அந்தப் பச்சை நாற்காலியை எத்தனை தடவை வித்திருக்கேன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிக்கொண்டே மாடிக்குக் கூட்டிப்போனாள்.

அறைகள் சின்னவை, ஆனால் வெளிச்சமாக இருந்தன. ஜன்னலில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலை தெரிந்தது. பாதிவிலையின் கண் தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. அலமாரிக் கதவு தொங்குகிறது, சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை, அடுப்பில் ஒரு வாய் எரியாது போலிருக்கிறது. வாயை இறுக மூடிக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில் நிற்கிற மாதிரி இருந்தது.

"பிடிச்சிருக்கு" என்றாள் அவள்.

கடைக்காரம்மா ஒரு வாடகை சொன்னாள். சொல்லிவிட்டு, சண்டைக்குத் தயாராகிறவள் மாதிரி தோள்துணியை உதறி மறுபடி போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கொழுத்த வாடகைதான்.

"சரிங்க" என்றான்.

"என்னது?"

"சரிங்கம்மா. நீங்க சொன்னதையே குடுத்துடறோம்."

கடைக்காரம்மாவின் முகம் மாறியது. மேசைமேல் வைத்திருந்த சாவியை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

"யாருகிட்ட இருந்து ஓடி வந்தீங்க?"

"ஐயோ, அப்படி எல்லாம் இல்லைங்க. இவங்களுக்குத் துறைமுகத்துல வேலை."

"சொன்ன விலைக்குச் சரின்னு ஒருத்தன் போன வருஷம் இந்தக் கடையில பீரோ எடுத்தான். பணம் நாளைக்குன்னான். ஆளும் காணோம், பீரோவும் காணோம். குடுக்கப்போற ஆளு பேசுவான் தம்பி. குடுக்காத ஆளுக்கு எந்த விலையா இருந்தா என்ன?" படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "வீட்டை வேற ஒருத்தருக்குச் சொல்லியிருக்கேன். கிளம்புங்க."

அவன் அப்பா கல்லாவில் உட்கார்ந்து சொல்கிற அதே பேச்சு. வார்த்தை பிசகாமல் ஒரு வெளிநாட்டுக்காரி வாயில் கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னங்க சொல்றாங்க இவங்க? ஒத்துக்கிட்டா ஏன் துரத்தறாங்க?" என்று அவள் தமிழில் கேட்டாள்.

"பேரம் பேசாததால என்னை ஃபிராடுன்னு நினைக்கறாங்க."

"அப்ப பேசுங்க."

"கடை மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"நீ எப்படி வாபஸ் வாங்க முடியும்? கடை அப்பாவோடது. அவரை ஒரு வார்த்தை..."

"என்னங்க" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லைத் தமிழ்நாட்டு மனைவிமார் எத்தனையோ விதமாகச் சொல்வார்கள். இது விமான டிக்கெட் தெரிகிற விதம்.

பாதிவிலை பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தான். அலமாரியிடம் போய்த் தொங்குகிற கதவை இரண்டு விரலால் தூக்கி, விட்டான். அது கீச்சென்று முனகியது.

"இதுக்குப் பேர் அலமாரியாம்மா?"

கடைக்காரம்மா படிக்கட்டைக் காட்டிய கையைக் கீழே இறக்கினாள்.

"அடுப்புல ஒரு வாய் செத்துக் கிடக்கு. சுவரைப் பார்த்தா சல்லடை மாதிரி இருக்கு. நீங்க சொன்னதுல பாதி குடுத்தாலே ஜாஸ்தி."

"பாதியா?" கடைக்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. "பாதிக்கு உனக்கு இந்த ஜன்னல் கொக்கிகூடக் கிடைக்காது. எந்தக் கடை நீ?"

"ஜவுளி."

"அதானே பார்த்தேன். கண்ணு மடிப்பைப் பிரிச்சுப் பார்க்குதேன்னு. உக்காரு."

அதற்குப் பிறகு நடந்ததை அவன் மனைவியால் முழுசாகப் பின்தொடர முடியவில்லை. இருவரும் மாறி மாறிப் பெருமூச்சு விட்டார்கள். கடைக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு, செத்துப்போன தன் புருஷனைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து கதவுவரை போனான். "அட வா, கோவிச்சுக்காதே" என்று அவள் கூப்பிட்டாள். அவன் திரும்பி வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இல்லை. பிறகு கடைக்காரம்மா எழுந்து கதவுவரை போனாள். அவன் கூப்பிட்டான். அவன் பெண்டாட்டியோ பக்கத்து அறையில் கட்டில் எந்தச் சுவரோரம் வரும் என்று கையை நீட்டி நீட்டி அளந்து பார்த்துவிட்டு, ஜன்னல் திண்டில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது அவன் எதிரே சாவியை ஆட்டிக்கொண்டு நின்றான். கடைக்காரம்மா கீழே கடைக்குப் போய்விட்டிருந்தாள்.

"வீடு நம்மளது."

அவள் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விடுதியும் டிக்கெட்டும் அந்த அறையை விட்டு வெளியே போயின. இரண்டு பேரும் படியிறங்கத் தொடங்கியபோதுதான் கேட்டாள்.

"வாடகை எவ்வளவுல முடிஞ்சுது?"

"அவங்க முதல்ல சொன்னதுலதான்."

அவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள். "அப்புறம் இவ்வளவு நேரம் என்ன பண்ணினீங்க?"

"நல்லா இறக்கிட்டேன். நடுவுல கட்டில் வந்துச்சு, கொஞ்சம் ஏறிச்சு. மெத்தை, மேசை, ரெண்டு நாற்காலி, ஜன்னலுக்குத் திரை எல்லாம் உள்ள வந்துச்சு. அடுப்பை அவங்க சரி பண்ணித் தர்றாங்க, அலமாரிக் கதவை நாம. கூட்டிக் கழிச்சா பழைய இடத்துல வந்து நின்னுடுச்சு. ரெண்டு பேருக்கும் நஷ்டமில்ல." கொஞ்சம் இருமினான். "அப்புறம் சின்னதா ஒரு விஷயம் விட்டுக்குடுத்தேன். சனிக்கிழமை காலையில அவங்க சாமான் எடுக்கப் போவாங்களாம். அந்த நேரத்துக்குக் கடையைப் பார்த்துக்கணும்."

"நீங்கதானே? பார்த்துக்கங்க. உங்களுக்கும் பொழுது போகும்."

"நானும் அதைத்தான் சொன்னேன். என்னை வேண்டாங்கறாங்க. நான் உக்கார்ந்தா பேச்சு ருசியில சாமானை விட்டுக்குடுத்துடுவேனாம். உன்னைத்தான் கேட்டாங்க. உன் முகத்தைப் பார்த்தா ஒருத்தனுக்கும் விலை குறைச்சுக் கேக்கத் தோணாதாம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வாரம் முழுக்க கப்பலோட மல்லுக்கட்டறேன். இருக்கிற ஒரு சனிக்கிழமையை வித்துட்டீங்களா?"

"முழுசா இல்ல. காலை மட்டும்."

அவள் சாவியை அவன் கையில் திணித்தாள். அவனைத் தாண்டிக் கீழே இறங்கிக் கடைக்குள் போனாள். பாதிவிலை படியிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

"அம்மா, இந்தக் கடையில வெளிச்சமே பத்தல. இங்க ஒரு மனுஷி காலை பூரா எப்படி உக்கார முடியும்?" என்று அவள் குரல் கேட்டது. "அந்தப் பச்சை நாற்காலி வேற ஆடுது."

பதிலாக, நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் வந்தது. கடைக்காரம்மா வசதியாக உட்கார்கிறாள் என்று அர்த்தம். இது இப்போதைக்கு முடிகிற காரியமில்லை. பாதிவிலை சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் வீட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்தான்.